குடம் தாங்கும் கிறிஸ்துமஸ் வளையம்

1

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பச்சை வளையம் கதவில் ஏறிவிடும். ஊசியிலைக் கிளை, முள்ளிலை, சிவப்புப் பழம், ரிப்பன் எல்லாம் வைத்துக் கட்டிய கிறிஸ்துமஸ் வளையம். எங்கள் வீட்டில் மட்டும் இந்த வருஷம் இரண்டு. ஒன்று முன்கதவில், இன்னொன்று பின்கதவில். பின்பக்கம் குப்பைத் தொட்டிகளும் துணி காயப்போடும் கம்பியும்தான் இருக்கின்றன. அவற்றுக்கு எதற்கு அலங்காரம் என்று பக்கத்து வீட்டு மார்கரெட் கேட்டார். கேட்டார் என்றால் நேரடியாக இல்லை. "உங்கள் குப்பைத் தொட்டிகள் கொடுத்து வைத்தவை" என்றார். இங்கிலாந்தில் கேள்விகள் இப்படித்தான் வரும். அது கேள்விதான் என்று கண்டுபிடித்துப் பதில் சொல்வது நம் பாடு.

அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை என் அக்கா மதுரையிலிருந்து வருகிறாள், முதல்முறையாக. அவள் வந்து இறங்குவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். இறங்கிய பிறகு இந்த வீட்டில் அவள்தான் பேசுவாள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். வட்டமாகக் கட்டிய இலைதழையைப் பார்த்ததும் நம் ஊரில் எல்லோருக்கும் என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் வளையத்தைத் தரையில் வைத்துப் படமெடுத்து அனுப்பிய அடுத்த நிமிஷமே அக்கா போன் செய்து, "யாருக்குடா?" என்றாள். ஆளுக்கு இல்லை, பண்டிகைக்கு என்று புரியவைத்தேன். அந்தச் சிரிப்பு அத்தோடு முடிந்தது. இந்தக் கதை வேறு.

2

நான் சமயநல்லூர்க்காரன். இங்கே வடக்கு இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரின் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறேன். "மூச்சை இழுத்துப் பிடியுங்கள், இப்போது விடுங்கள்" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, என் ஆங்கிலத்தில் பிழையே வராத வாக்கியம் அது ஒன்றுதான். மனைவி செல்விக்குத் திருவாதவூர். எங்களுக்கு ஒரே மகள், தாரணி, பதினைந்து வயது. வீட்டில் அவள் இருக்கிறாள் என்பதை அவள் அறைக்கதவு சாத்தியிருப்பதை வைத்துத்தான் தெரிந்துகொள்வோம். என்ன கேட்டாலும் "ஓகே", "ஃபைன்", "தெரியல" என்ற மூன்றில் ஒன்று பதிலாக வரும். அதைத் தாண்டித் தமிழில் பேசினால் 'நீ'யும் 'ங்க'வும் ஒரே வாக்கியத்தில் வரும். எனக்கு அவளைத் தமிழில் திட்டத்தான் வரும். அவளுக்கு ஆங்கிலத்தில் கோபப்படத்தான் வரும். அதனால் பாதிச் சண்டை தொடங்கும் முன்பே சப்பென்று போய்விடும்.

போன டிசம்பரில் அவளாகவே கீழே இறங்கி வந்து, "அப்பா, நாம ஒரு ரீத் செய்யலாமா?" என்றாள். அவளுடைய தோழிகள் எல்லோரும் இந்த வளையத்தை வீட்டிலேயே செய்து படம் போடுகிறார்களாம். நான் கிறிஸ்துமஸும் கொண்டாடுகிறவன் இல்லை, கைவேலைக்காரனும் இல்லை. ஆனால் அந்தப் பெண் என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. வளையம் என்ன, தேரே செய்யலாம் என்று சொல்லிவிட்டேன்.

காணொளியில் ஒரு வெள்ளைக்கார அம்மா நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். கம்பி வளையம் ஒன்று வாங்குங்கள், அதன்மேல் பாசியை வைத்துச் சுற்றுங்கள், பிறகு கிளைகளைச் செருகுங்கள். கடைக்குப் போனால் கம்பி வளையம் தீர்ந்துவிட்டது. பாசியும் இல்லை. தாரணியின் முகம் மறுபடியும் அறைக்கதவு மாதிரி சாத்திக்கொள்ளப் பார்த்தது.

அப்போதுதான் எனக்குப் பிரிமணை ஞாபகம் வந்தது. மண்பானையும் குடமும் உருளாமல் உட்கார்வதற்கு வைக்கோலிலோ நாரிலோ புரி திரித்து வட்டமாகச் சுற்றி வைப்போமே, அதுதான். இந்த வளையத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்று படுத்திருக்கும், ஒன்று தொங்கும். கொல்லையில் கோடைக்காலப் பூச்செடி வைத்திருந்த தொங்கு தொட்டிகள் கிடந்தன. செடி செத்து நாளாகிவிட்டது. தொட்டிக்குள் விரித்திருந்த தேங்காய் நார் மெத்தை மட்டும் நன்றாக இருந்தது. அதைப் பிய்த்தெடுத்து, அடுப்படித் தரையில் உட்கார்ந்து, ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு திரிக்க ஆரம்பித்தேன். சின்ன வயதில் மாட்டுக்குக் கயிறு திரித்த கை. மூளை மறந்தாலும் உள்ளங்கை மறக்கவில்லை.

தாரணி அதைப் படம் பிடித்தாள். வேலைக்குப் போய்விட்டு வந்த செல்வி கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க இது, அடுப்படியில களம் அடிச்சது மாதிரி கெடக்கு?"

"கிறிஸ்துமஸ் வளையம் செய்றோம்."

"நார வச்சா? அதுக்கு இம்புட்டுக் குப்பையா?"

பத்து நிமிஷம் இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். அப்புறம் அவளும் உட்கார்ந்துவிட்டாள். கிறிஸ்துமஸ் மரம் விற்கிற இடத்தில் வெட்டிக் கழித்த கிளைகளைச் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம். கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. தாரணி போய்க் கேட்டு ஒரு மூட்டை கொண்டுவந்திருந்தாள். அதைச் செல்வி மல்லிகைப்பூ கட்டுகிற மாதிரி இரண்டிரண்டாக வைத்து முடிச்சுப் போட்டுச் சரமாக்கினாள். காணொளி அம்மா கிளைக்கு ஒரு கம்பி செலவழித்தார். செல்விக்கு ஒரே நூல்தான். முள்ளிலை கையைக் குத்தும்போதெல்லாம் இந்த நாட்டை ஒருமுறை வைதாள். ஆரஞ்சை வட்டம் வட்டமாக அரிந்து மின் அடுப்புக்குள் காயவைக்க வேண்டும் என்றதும், "ஒரு மத்தியானம் பூராம் அடுப்பெரிச்சு ஆரஞ்சு வத்தலா?" என்று கேட்டாள். கேட்டாளே தவிர, தன் டப்பாவிலிருந்து மிளகாய் வற்றலை எடுத்து வந்து சிவப்புப் பழத்துக்குப் பதிலாகக் கொத்துக் கொத்தாகச் செருகியதும் அவள்தான். மறுநாள் ஒரு அணில் அதை ஆசையாகக் கடித்துப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் அப்புறம் வரவே இல்லை.

முடிந்ததும் தூக்கிப் பார்த்தோம். நான் திரித்த புரி கனமானது. மற்ற வீட்டு வளையங்கள் காற்றில் ஆடும். எங்களுடையது கதவைச் சாத்தும்போது ஒரு முறை இடிக்கும்.

"அப்பா, இது ரீத் இல்ல. டயர்" என்றாள் தாரணி.

"குடத்தைத் தூக்கி வச்சாலும் தாங்கும்" என்றேன்.

"கதவுல யாரு குடம் வைப்பாங்க?"

மூன்று பேரும் சிரித்தோம். சாதாரண விஷயம்தான். ஆனால் அந்தச் சிரிப்புக்காக எத்தனை வளையம் வேண்டுமானாலும் திரிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

3

இந்த ஊரில் கிறிஸ்துமஸ் அலங்காரத்தை ஜனவரி முதல் வாரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் விட்டு வைத்தால் வருஷம் முழுக்கத் தரித்திரம் என்று ஒரு நம்பிக்கை. நமக்கு அது அப்படியே தலைகீழ். வாசலில் கட்டிய பச்சை காய்ந்து சருகானாலும் அடுத்த விசேஷம் வரை அவிழ்க்க மாட்டோம். போகியன்று வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் கூரையில் செருகுகிற காப்பு, அடுத்த போகி வரை அங்கேயேதான் இருக்கும். வெறும் வாசல்தான் எங்களுக்குத் தரித்திரம்.

ஆகவே தெருவில் எல்லா வளையமும் இறங்கின. எங்களுடையது இறங்கவில்லை.

மார்கரெட் ஒருநாள், "உங்கள் வளையம் இன்னமும் எவ்வளவு நன்றாக இருக்கிறது" என்றார். நான் நன்றி சொன்னேன். அடுத்த வாரம், "அது எவ்வளவு காலம் தாங்குகிறது பாருங்கள்" என்றார். அதற்கும் நன்றி சொன்னேன். எடுத்துத் தொலையுங்கள் என்பதன் மரியாதையான வடிவங்கள் அவை என்று தாரணிதான் பிற்பாடு விளக்கினாள். அதற்குள் பொங்கல் வந்துவிட்டது. பூளைப்பூவுக்கு எங்கே போவது? தோட்டத்து ரோஸ்மேரியை ஒடித்து வளையத்தில் செருகி, இதுதான் காப்பு என்று முடிவு செய்துவிட்டோம். இனி அடுத்த பொங்கல் வரை அதை எடுக்கிற பேச்சே இல்லை.

4

அந்த மாசியில் அக்கா மகள் பவித்ராவுக்குக் கல்யாணம்.

அக்கா பெயர் பாண்டியம்மாள். காளவாசலில் சிக்னலுக்குப் பக்கத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறாள். அத்தான் போன பிறகு தனியாளாக நின்று நடத்துகிற கடை. அந்த ஜங்ஷனின் ஹாரன் சத்தத்தை எல்லாம் மீறி, எவர்சில்வர் அண்டா விலையை எதிர்ச்சாரிக்கும் கேட்கிற மாதிரி சொல்லக் கூடியவள். அவளுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். பவித்ராவுக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான். நம் பக்கம் கல்யாணத்தில் தாய்மாமன் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து அவளை மேடைக்குக் கூட்டிவர வேண்டியவன்.

என் கடவுச்சீட்டு அப்போது ஒரு அலுவலகத்தில் இருந்தது. குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்தது. எழுதிக் கேட்டால், உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வரும். போனில் கேட்டால் இசை வரும். இசை முடிந்தால், பரிசீலனையில் உள்ளது என்று ஒரு பெண் சொல்வார். கல்யாணப் பத்திரிகையை இணைத்து அனுப்பினேன். வாழ்த்துகள், பரிசீலனையில் உள்ளது என்று வந்தது.

அக்காவிடம் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "சரிடா. நீ என்ன செய்வ. உடம்பப் பாத்துக்க" என்று வைத்துவிட்டாள். காளவாசல் முழுக்கக் கேட்கிற குரல் அவ்வளவு மெதுவாக வந்தது எனக்குத் தாங்கவில்லை.

கல்யாணத்தை நேரலையில் பார்த்தேன். செல்வி அன்று வேலையில் இருந்தாள். பெண்ணை மேடைக்குக் கூட்டிவருகிற நேரம் வந்ததும் மடிக்கணினியை மூடிவிட்டு டீ போடப் போய்விட்டேன். என் இடத்தில் பெரியப்பா மகன் யாராவது நின்றிருப்பான். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அந்தப் பதிவை அதற்குப் பிறகும் திறக்கவில்லை.

மாப்பிள்ளை கார்த்திக்குக்கு இந்த நாட்டின் தெற்குப் பக்கம் வேலை. சித்திரையில் பவித்ரா அவனோடு வருவதாக முடிவானது. நான் அக்காவிடம் கேட்டேன். "அக்கா, பிள்ளைய மொதல்ல எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாரேன். மாமன் வீட்டு விருந்த முடிச்சுட்டு அப்புறம் அவுக வீட்டுக்குப் போகட்டும்."

கடையில் யாருக்கோ சில்லறை கொடுத்து அனுப்பினாள். பிறகு சொன்னாள். "தலைவாசல்ல நிக்க வச்சு ஆலாத்தி எடுத்துக் கூப்புடு. நான் போன்ல பாக்கணும்."

கல்யாணத்தில் செய்ய முடியாததற்கு எனக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அதுதான். அன்றைக்கே போய் ஆலாத்தித் தட்டு வாங்கினேன்.

5

பவித்ரா வர மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை, முன்கதவைத் திறந்தேன். முகத்துக்கு நேரே ஏதோ சர்ரென்று பறந்து போனது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் எல்லாம் உட்கார்ந்திருக்குமே, மார்பு மட்டும் செங்கல் நிறத்தில், ராபின் என்ற குருவி. அதுதான். எங்கள் வளையத்தின் அடிப்பாகத்தில், நான் திரித்த பிரிமணைக் குழிவில், அது கூடு கட்டி முட்டையும் இட்டிருந்தது. தேங்காய் நார், காய்ந்த ஊசியிலை, மேலே தாழ்வாரம், அணில் அண்டாத மிளகாய்க் காவல். இத்தனை வசதியோடு ஒரு வீட்டைச் சும்மா தொங்கவிட்டால் யார்தான் வரமாட்டார்கள்? குடமே தாங்கும் என்று பெருமையடித்தவன் நான்தானே.

தாரணி மாடியிலிருந்து நாலு நாலு படியாகக் குதித்து வந்தாள். பார்த்தாள். அன்று மாலைக்குள் முன்கதவில் ஒரு அட்டை ஏறிவிட்டது. பறவை இருக்கிறது, பின்பக்கம் வரவும். தபால்காரர், பால்காரர், நான், எல்லோரும் அன்று முதல் பின்கதவு வழியாகத்தான். இந்த நாட்டில் பறவை புழங்குகிற கூட்டைக் கலைப்பது சட்டப்படி குற்றம் என்று மார்கரெட் வேலிக்கு மேலிருந்து சொன்னார். வளையத்தை அவர் இப்போதுதான் முதல்முறையாக உண்மையிலேயே பாராட்டினார். ஒரு படிவமும் நிரப்பாமல், ஒரு இசையும் கேட்காமல், அந்தக் குருவிக்கு ஒரே நாளில் குடியிருப்பு உரிமை கிடைத்துவிட்டது. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

முட்டை பொரிந்து, குஞ்சு பறந்து போக எவ்வளவு நாளாகும் என்று தாரணி பார்த்துச் சொன்னாள். கணக்குப் போட்டேன். பவித்ரா வருகிற அன்று குஞ்சுகள் கூட்டில்தான் இருக்கும்.

6

ஒரு நாள்தானே என்று எனக்குள் ஒரு புத்தி சொன்னது. வளையத்தை மெதுவாகக் கழற்றி, பக்கத்துச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டிவிட்டு, விருந்து முடிந்ததும் திரும்ப மாட்டிவிடலாம். பவித்ரா வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஆணியும் சுத்தியலுமாக முன்பக்கம் போனேன். தாரணி எனக்கும் கதவுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அப்பா, நீ என்ன பண்றீங்க?"

"தள்ளு. நாளைக்கு மதினி வருது. தலைவாசல் வேணும்."

"நகத்தினா அந்த அம்மா திரும்பி வராது. குஞ்செல்லாம் செத்துரும்."

"ஒரு நாள்தான்டா. உங்க அத்தை பாக்கும். உனக்குப் புரியாது. கல்யாணத்துக்கே நான் போகல."

சுத்தியலைப் படியில் வைத்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஏன் இப்படி அல்லாடுகிறேன் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் போகமுடியாதது அவளைப் பொறுத்தவரை ஒரு விமானச்சீட்டு விஷயம். அந்தச் சாயங்காலம் படிக்கட்டில் உட்கார்ந்து முழுவதும் சொன்னேன். மாமன் மாலை, மேடை, அக்காவின் மெல்லிய குரல், நான் மூடிவைத்த மடிக்கணினி. பாதித் தமிழ் அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

பிறகு சொன்னாள். "அத்தை நம்ம வீட்டப் பாத்ததே இல்லல்ல?"

"இல்ல."

"அப்போ எது முன் கதவுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

மதுரையில் பிறந்து வளர்ந்த எனக்குத் தோன்றாத திருட்டுத்தனம், இங்கே பிறந்த பிள்ளைக்கு ஒரே நொடியில் தோன்றியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று பேரும் பின்பக்கம் இறங்கினோம். குப்பைத் தொட்டிகளைக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளினோம். துணிக்கம்பியை அவிழ்த்தோம். முன்கதவிலிருந்த வீட்டு எண்ணைக் குருவிக்குத் தெரியாமல் கழற்றிப் பின்கதவில் திருகினேன். செல்வி கதவு நிலையில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். வளையம் இல்லாமல் எப்படி என்று தாரணி கேட்டாள். மீதியிருந்த நாரை நானும் அவளும் ஆளுக்கொரு நுனியாகப் பிடித்துத் திரித்தோம். கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்ள அவள் முதல் தடவையிலேயே கற்றுக்கொண்டாள். சித்திரையில் ஊசியிலை ஏது? வேலியில் படர்ந்த கொடி, ரோஸ்மேரி, கொல்லையில் பூத்திருந்த மஞ்சள் பூக்கள். செல்வி நூல் போட்டுக் கட்டினாள். நடுவில் ஒரே ஒரு மிளகாய்க் கொத்து, திருஷ்டிக்கு.

7

கார்த்திக் ஓட்டிவந்த வாடகைக் கார் முன்பக்கம் வந்துதான் நின்றது. "வாங்க மாப்ள, வாம்மா, இந்தப் பக்கம்" என்று இருவரையும் வீட்டோரச் சந்து வழியாகத் தள்ளிக்கொண்டு போனேன். பவித்ரா பட்டுச்சேலையின் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மாமா, எதுக்கு ஓடுறீங்க?" என்றாள். கோலம் போட்ட பின்வாசலில் நிறுத்தினோம். செல்வி தட்டோடு நின்றாள். நான் போனைத் தூக்கிப் பிடித்தேன். திரையில் அக்கா. கடையைச் சாத்திவிட்டு, தலைசீவி, பூ வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"நல்லாருக்குடா. வளையமெல்லாம் பச்சப்பசேர்னு இருக்கு" என்றாள். எனக்கு உயிர் வந்தது. செல்வி தட்டை எடுக்கப் போனாள்.

"இரு. போனக் கொஞ்சம் உள்ளாற காட்டு."

காட்டினேன். வேறு வழியில்லை.

"டேய் தம்பி. எந்த ஊருலடா தலைவாசலத் தொறந்த ஒடனே அடுப்பும் துணி தொவைக்கிற மிசினும் தெரியும்?"

பாத்திரக்கடைக்காரியை ஏமாற்றப் பார்த்தது என் தப்பு. கார்த்திக் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா குரல் மெதுவாகிவிட்டது. "எம்மகளப் பொறவாசல் வழியாவாடா கூப்புடுற?"

தாரணி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். சந்து வழியாக முன்பக்கம் நடந்தாள். பின்னால் பவித்ரா, கார்த்திக், ஆலாத்தித் தட்டோடு செல்வி, கடைசியில் நான். முன்கதவுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று போனை நீட்டினாள்.

"அத்தை, சத்தம் போடாதீங்க. நீ பாருங்க."

தாய்க் குருவி ஒரு புழுவோடு வந்து வளையத்தில் உட்கார்ந்தது. உள்ளேயிருந்து மஞ்சள் வாய்கள் ஒன்றின்மேல் ஒன்றாக எழும்பின. ஒரு வாயில் ஊட்டிவிட்டு மறுபடி பறந்தது.

"அந்த அம்மா போன கிறிஸ்துமஸ் ரீத்ல வீடு கட்டிருச்சு. அப்பா எடுக்கணும்னு வந்தாங்க. நான்தான் விடல. அப்பா மேல கோவப்படாதீங்க" என்றாள் தாரணி. அவள் தமிழில் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். குருவி இன்னொரு முறை வந்து போனது.

"பேறுகாலத்துக்கு உன் வீட்டத் தேடி வந்திருக்காடா" என்றாள். "அவள வாசல விட்டு எழுப்பிருந்தன்னு வையி, உங்கூட நான் பேசியே இருக்க மாட்டேன். செல்வி, தட்டக் கொண்டா. கற்பூரம் வேணாம், பயந்துரும். தூரமா நின்னு மொதல்ல அவளுக்கு ஒரு சுத்து."

செல்வி சுற்றினாள். எங்கள் தெருவில் அன்று ஒரு குருவிக்கு ஆலாத்தி நடந்தது. மார்கரெட் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். இதற்கு என்ன சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது, கையை மட்டும் ஆட்டினார்.

"எதுக்குடா மறைச்ச?" என்றாள் அக்கா.

"கல்யாணத்துலயும் என் எடத்துல வேற ஆளு நின்னாச்சு. இதுலயும் கொற வந்துருமோன்னு பயந்துட்டேன்க்கா."

"யாரு நின்னா?"

"பெரியப்பா மகன் யாராச்சும்."

"நீ அந்த வீடியோவப் பாக்கவே இல்லையா?"

இல்லையென்று தலையாட்டினேன். பவித்ராதான் சொன்னாள். "மாமா, நான் தனியாத்தான் நடந்து வந்தேன்."

"ரெண்டு பேரு மாலையத் தூக்கிட்டு முன்ன வந்தாக" என்றாள் அக்கா. "வேணாம்னுட்டேன். உன் எடத்துல ஒருத்தர நிறுத்த எனக்கு மனசு வரலடா. ஊரு என்னமும் பேசிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்வாசலில், தெருப்பக்கம் பார்த்து, மாப்பிள்ளை முன்னால் அழுதேன். தாரணி என் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் நான் பவித்ராவின் கையைப் பிடித்தேன். சந்து வழியாக, கொட்டகையைத் தாண்டி, ஒளித்துவைத்த குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, மேடைக்குக் கூட்டிப் போகிற மாதிரி மெதுவாகக் கூட்டிப் போனேன். வலதுகாலை எடுத்து வைத்து அவள் அடுப்படிக்குள் நுழைந்தாள்.

8

இதுவரை எழுதி வைத்திருந்தேன். அக்கா வந்துவிட்டாள்.

விமான நிலையத்திலிருந்து வருகிற வழி முழுக்க, ரோட்டில் ஹாரன் சத்தமே இல்லையே, எல்லோருக்கும் உடம்பு சரியில்லையா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். முன்வாசலில் செல்வி தட்டோடு தயாராக நின்றாள். குஞ்சுகள் பறந்துபோய் மாதக்கணக்காகிவிட்டது. கதவு எங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. பழைய வளையத்தை நாங்கள் எறியவில்லை. அதே பிரிமணையில், அடியில் அந்த வெறுங்கூட்டை அப்படியே விட்டுவிட்டு, சுற்றிலும் புதுக்கிளை கட்டி மாட்டியிருக்கிறோம். இந்த வருஷத்துக் கட்டு எல்லாம் தாரணியின் கைவேலை.

அக்கா காரிலிருந்து இறங்கினாள். ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, அதற்கு மேல் என் கோட்டு. வளையத்துக்குக் கிட்டே போய், எட்டிக் கூட்டுக்குள் பார்த்தாள். ஒரு விரலால் அந்த நாரைத் தொட்டாள்.

"நல்லாத்தான் திரிச்சிருக்க" என்றாள்.

செல்வி தட்டைத் தூக்கினாள். நான் கதவை விரியத் திறந்தேன்.

அக்கா உள்ளே வரவில்லை. என்னையும் திறந்த கதவையும் பார்த்துவிட்டு, பெட்டியின் பிடியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இது கெடக்கட்டும்டா. எம்மக வந்த வாசல் எங்கிட்டு இருக்கு?"

தாரணி முன்னால் ஓடிப்போய்ச் சந்துக் கதவைத் திறந்துவிட்டாள்.